பழைய வெள்ளி ரூபாயைச் சோதிக்கும் பெட்டி: தராசு தேறியது, காந்தம் தேறவில்லை

பழைய நாணயம் சேர்ப்போருக்கென்று இணையக் கடைகளில் விற்கப்படும் சோதனைப் பெட்டி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, உருப்பெருக்கிக் கண்ணாடி, காந்தம், விட்டமும் தடிமனும் அளக்கும் பிளாஸ்டிக் அளவி ஆகியவை அதில் உள்ளன. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள். அவற்றை வைத்தே சோதித்தேன்.

கொடுத்த காசுக்கு ஈடானது தராசுதான். 1835 முதல் அடிக்கப்பட்ட வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். புழங்கித் தேய்ந்த காசு இதில் சிறிது குறையலாமே தவிர, கூடுதலாக நிற்கக் கூடாது. எடையைச் சரியாக வைத்தே போலி செய்கிறவர்களும் உண்டு என்பதால் தண்ணீர்ச் சோதனையும் தேவைப்படுகிறது. தண்ணீர் உள்ள சிறு கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்கிவிட்டு, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். 91.7 விழுக்காடு வெள்ளி கொண்ட, 1939 வரையிலான ரூபாய் என்றால் தராசு, காசு ஒதுக்கும் தண்ணீரின் எடையாக, ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்ட 1940 முதலான ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு 1.22 வரும். அதே எடையுள்ள செம்பு-நிக்கல் போலி 1.3ஐத் தொட்டுவிடும். எழுத்துகளின் இடுக்கில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும் என்பதால், மென்மையான தூரிகையால் ஒருமுறை தடவிவிடுவது நல்லது. தராசிலும் குறை இல்லாமல் இல்லை: மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் ஓயாமல் ஆடுகிறது, சோதனையின் நடுவே தானாக அணைந்துவிடுகிறது, சரிபார்க்கும் எடைக்கல்லைப் பெட்டியில் வைக்கவே இல்லை.

காந்தத்தால் பெரிய பயன் இல்லை. பித்தளையும், வெள்ளியே கலக்காத செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையான ஜெர்மன் சில்வரும் காந்தத்தில் ஒட்டாதவை. இவற்றில் செய்த போலி அதைத் தாண்டிப் போய்விடும். 1947ஆம் ஆண்டின் புலி ரூபாயை வெள்ளி என்று யாராவது நீட்டினால் மட்டும், அது நிக்கல் என்று உடனே காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டிக் அளவி பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகும்.

கண்ணாடியைப் பற்றிப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் உருப்பெருக்கத்தை நம்ப வேண்டாம். அதன் சிறு விளக்கும் பளபளக்கும் வெள்ளியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. விளக்கை அணைத்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தேவையானவை தெரிகின்றன: வார்த்தெடுத்த போலியின் ஊசித் துளைகள், மழுங்கிய எழுத்துகள், விளிம்பைச் சுற்றி ஓடும் ஒட்டுக்கோடு, காசுமாலையிலிருந்து பிரித்தெடுத்த காசில் எஞ்சிய பற்றவைப்புத் தழும்பு. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில், அரசரின் அங்கியில் உள்ள யானை தும்பிக்கை குறுகிப் பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டே அது திருத்தப்பட்டது. ஆகவே 1911 என்று பொறித்த காசில் திருத்திய யானை இருந்தால் அதை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். அந்த அளவு நுணுக்கத்தை இந்தக் கண்ணாடி காட்டிவிடுகிறது.

நல்ல வெள்ளியிலேயே புது அச்சு கொண்டு அடித்த போலியைத் தராசு பிடிக்காது. அதற்கு உறுதியான அசல் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டியிருக்கும். ஆனாலும் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துக் காசின் சேகரிப்பு மதிப்பைக் கெடுப்பதைவிட இந்த வழி எவ்வளவோ மேல். வாங்க நினைப்போர் முழுப் பெட்டியை விட்டுவிட்டு, இதே வகைத் தராசையும் 100 கிராம் எடைக்கல்லையும், நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் 10 மடங்குக் கண்ணாடி ஒன்றையும் தனித்தனியாக வாங்கலாம்.