இன்டெக்ஸ் ஃபண்ட்: ஃபேக்ட்ஷீட்டில் (ஃபண்டின் தகவல் தாளில்) எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

சந்தையின் போக்கைக் காட்டத் தேர்ந்தெடுத்த பங்குகளின் பட்டியல்தான் குறியீடு (இன்டெக்ஸ்). ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருப்பதுதான் இன்டெக்ஸ் ஃபண்டின் வேலை. மேனேஜரின் சாமர்த்தியத்துக்கு இங்கே இடமில்லை. அதற்குக் கூலி கொடுக்கவும் தேவையில்லை. 1976-ல் அமெரிக்காவில் ஜான் போகிள் சாதாரண முதலீட்டாளர்களுக்கு இதை அறிமுகப்படுத்தியபோது, 15 கோடி டாலர் திரட்டத் திட்டமிட்டு சுமார் 1.1 கோடிதான் திரண்டது. இன்று பெரும்பாலான ஃபண்ட் நிறுவனங்கள் இதை விற்கின்றன. ஒரே குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளிலும் தரம் ஒன்றாக இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதலில் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. ஆண்டுச் செலவு விகிதமான இதை நாள்கணக்கில் பிரித்து, ஃபண்டின் சொத்திலிருந்து கழித்த பிறகே, ஒரு யூனிட்டின் மதிப்பான என்.ஏ.வி-யை அறிவிக்கிறார்கள். தனியாக பில் வராததால் யாருக்கும் உறைப்பதில்லை. 1 லட்சம் போட்டு, குறியீடு ஆண்டுக்கு 8% வளர்வதாக வைத்துக்கொள்வோம். செலவு போக 7.8% கிடைத்தால் 20 ஆண்டில் சுமார் 4.49 லட்சம், 7% கிடைத்தால் 3.87 லட்சம். இரண்டிலும் இருப்பது அதே பங்குகள்தான். இன்டெக்ஸ் ஃபண்டுக்கு 1% கட்டணம் என்பது அநியாயம்.

அடுத்தது டிராக்கிங் டிஃபரன்ஸ்: ஃபண்டின் வருமானத்துக்கும் குறியீட்டின் வருமானத்துக்கும் உள்ள இடைவெளி. செலவு விகிதத்தைவிட இது அதிகமாக இருந்தால் நிர்வாகத்தில் எங்கோ ஓட்டை. முதலீடு செய்யாத பணம் கையில் தேங்கியிருக்கலாம், பங்குகளின் டிவிடெண்டைத் தாமதமாக மறுமுதலீடு செய்திருக்கலாம், குறியீட்டில் பங்குகள் மாறும்போது வாங்கி விற்ற செலவு கூடியிருக்கலாம். இதை டிராக்கிங் எரரோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. டிராக்கிங் எரர் அந்த இடைவெளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை மட்டுமே சொல்லும். ஒவ்வொரு ஆண்டும் பிசகாமல் 1% பின்தங்கும் ஃபண்டுக்கு, ஆண்டுக் கணக்கில் டிராக்கிங் எரர் பூஜ்யம்! விளம்பரத்தில் குறைந்த டிராக்கிங் எரரைப் பெருமையாகப் போட்டிருந்தால் டிஃபரன்ஸையும் தேடிப் பாருங்கள். ஒப்பிடும் குறியீடு டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டோட்டல் ரிட்டர்ன் இன்டெக்ஸாக இருக்க வேண்டும். வெறும் விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டால் சுமாரான ஃபண்டும் சந்தையை ஜெயித்ததுபோலத் தெரியும்.

என்.ஏ.வி குறைவாக இருந்தால் மலிவு என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. சொத்திலிருந்து கடன்களைக் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது என்.ஏ.வி, அவ்வளவுதான். 1,000-த்துக்கு, 10 என்.ஏ.வி-யில் 100 யூனிட்டும் 200 என்.ஏ.வி-யில் 5 யூனிட்டும் கிடைக்கும். 10% ஏறினால் இரண்டும் 1,100. ஃபண்ட் தரும் டிவிடெண்டும் லாபத்துக்கு மேல் கிடைக்கும் போனஸ் அல்ல: 50 என்.ஏ.வி-யில் 3 கொடுத்தால் மறுநாள் 47-லிருந்துதான் தொடங்கும்.

வருமானத்தில் 'சராசரி' என்ற சொல்லைக் கண்டால் உஷார். ஓராண்டு 50% ஏற்றம், அடுத்த ஆண்டு 50% இறக்கம் என்றால் சராசரி பூஜ்யம். கையில் இருப்பதோ 100-க்கு 75. பார்க்க வேண்டியது கூட்டு வளர்ச்சி விகிதமான சி.ஏ.ஜி.ஆர், இங்கே அது மைனஸ் 13.4%. மாதாமாதம் போடும் பணத்துக்கு, போட்ட தேதிகளையும் கணக்கில் எடுக்கும் ஆண்டு வருமான விகிதமான எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்-ஐப் பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பெரும்பாலான குறியீடுகளில் சந்தை மதிப்புப்படிதான் எடை என்பதால், விலை ஏற ஏற அந்தப் பங்கின் பங்களிப்பும் கூடும். 50 பங்குகள் இருந்தும் பணத்தின் பெரும்பகுதி மேல்வரிசைப் பத்தில் குவிந்திருக்கலாம். குறியீட்டில் புதிய பங்கு சேரப்போவது முன்கூட்டியே தெரிவதால், ஃபண்ட் வாங்குவதற்குள் மற்றவர்கள் விலையை ஏற்றிவிடுவதும் உண்டு. சந்தை 30% சரிந்தால் இதுவும் ஏறக்குறைய 30% சரியும்; தடுக்க யாரும் முயலமாட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டில் எடுக்க வேண்டிய பணத்தை இதில் போடக் கூடாது.

ஏற்கெனவே செலவு அதிகமான ஃபண்டில் இருப்பவர்கள் மாறும் முன், சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடு எத்தனை நாளுக்குப் பொருந்தும், விற்றால் லாபத்துக்கு எவ்வளவு வரி என்று கணக்குப் போட வேண்டும். அந்தத் தொகை சில ஆண்டுகளின் செலவு மிச்சத்தை விழுங்கிவிடும் என்றால், பழையதை விட்டுவைத்து, புதிதாகப் போடும் பணத்தை மட்டும் குறைந்த செலவு ஃபண்டுக்குத் திருப்புவதே லாபம்.