எம்-டிஸ்க் 100 ஜிபி: ஒரு கல்யாண வீடியோக்காரரின் அனுபவம்

கும்பகோணத்தில் 22 வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். போன ஆவணியில் ஒரு பெண், 2006-இல் நான் கொடுத்த டிவிடியோடு வந்தார். அவருடைய அப்பா தாரை வார்க்கும் இடத்தில் படம் நின்றுவிடுகிறது. அப்பா இப்போது இல்லை.

டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கீறல் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் மட்டும் ஊதா நிறம் வெளுத்து, விரல் நகம் அகலத்துக்கு வளையம் கட்டியிருந்தது. மூன்று டிரைவில் மாற்றிப் போட்டும் அந்தப் பதினோரு நிமிடம் வரவில்லை. மூல காசெட்டின் மேல் அப்போதே வேறு கல்யாணம் எடுத்துவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள்தான் எம்-டிஸ்க் ஆர்டர் போட்டேன். நெடுநாள் சேமிப்புக்கென்று செய்த ப்ளூ-ரே வகை டிஸ்க் அது. எழுதும் டிவிடியில் லேசர் பதிவது சாயத்தின் மேல். வெயிலும் ஈரமும் பட்டால் சாயம் வெளுக்கும். எம்-டிஸ்க்கில் சாயமே கிடையாது, கனிமப் படலம். ஆயிரம் வருடம் தாங்கும் என்கிறார்கள். அதை நான் எங்கே சோதிப்பது? சித்திரை வெயிலில் ஒரு எம்-டிஸ்க்கையும் ஒரு சாதா டிவிடியையும் மொட்டை மாடியில் பதினைந்து நாள் வைத்தேன். டிவிடியை டிரைவ் அடையாளமே காணவில்லை. எம்-டிஸ்க்கில் எல்லா ஃபைலும் மூலத்தோடு அப்படியே ஒத்துப்போயின.

குறை இல்லாமல் இல்லை. 4 எக்ஸ் வேகத்தில் ஒரு டிஸ்க் எழுத ஒன்றரை மணி நேரம் ஆகிறது. விலையும் அதிகம், ஒன்றின் காசுக்கு இரண்டு பென் டிரைவ் வாங்கலாம். 100 ஜிபிக்கு பிடிஎக்ஸ்எல் (அதிகக் கொள்ளளவு ப்ளூ-ரே) என்று போட்ட டிரைவ்தான் வேண்டும். வீட்டு போட்டோக்களுக்கு 25 ஜிபி டிஸ்க்கே போதும்.

என் உண்மையான கவலை டிரைவ்தான். டிவிடிக்கு அடுத்து வருவது ப்ளூ-ரேயா, எச்டி டிவிடியா என்று அந்தக் காலத்தில் இரண்டு வருடம் இழுபறி. 2008 ஜனவரியில் வார்னர் சினிமா கம்பெனி ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது, பிப்ரவரியில் எச்டி டிவிடியை முன்னின்று நடத்திய டோஷிபா அதைக் கைவிட்டது. அப்படி ஜெயித்த ப்ளூ-ரேயிலேயே, எழுதும் டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. புது லேப்டாப்களில் பெரும்பாலும் டிரைவ் வருவதில்லை. அதனால் டிஸ்க் வாங்குகிறவர்கள் டிரைவ் இரண்டாக வாங்கி வையுங்கள். என்னுடைய இரண்டாவது, பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது.

டிவிடி நடுவிலிருந்து ஓரத்துக்கு எழுதப்படுவது. அதனால் அந்தப் பெண்ணின் டிஸ்க்கில் முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு முழுதாக மீண்டது. நான் எழுதிய முதல் எம்-டிஸ்க் அதுதான். அப்பா அதில் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.