கிரேஹவுண்ட் நாய் வைச்சிருக்கிற திருகோணமலை ஆக்கள் கவனம்: "இதயப் பொதி" எண்டு 68,500 ரூபா

கோபம் ஆறமுதல் எழுதிப் போடுறன். ஆறினாப் பிறகு "போன காசு போகட்டும்" எண்டு விட்டிடுவன், அவங்களும் அடுத்த வீட்டில போய் அதே 68,500 ரூபாவை வாங்கிடுவாங்கள்.

பெயர் போடேல்ல. வானுக்குள்ள எக்ஸ்ரே, ஸ்கான் எல்லாம் ஏத்திக்கொண்டு வீடு தேடி வந்து நாய் பூனை பார்க்கிற ஒரு சேவை. முகநூலில விளம்பரம், வட்சப்பில பதிவு. இதுக்கு மேல சொல்ல மாட்டன். கிரேஹவுண்டுக்கு "ஹார்ட் மேர்மர்" (இதயத் துடிப்புக்கு இடையில கேட்கிற மேலதிகச் சத்தம்) எண்டு ஆரும் சொன்னா என்னென்ன செய்யவேணும் எண்டதைக் கடைசியில விபரமா எழுதுறன்.

என்ர கிரேஹவுண்ட் சிட்டு, நாலு வயசுப் பெட்டை, 30 கிலோ. வருத்தம் ஒண்டும் இல்லை. வருசாந்த விசர்நாய்த் தடுப்பூசிக்குத்தான் கூப்பிட்டது.

நம்பின இடத்தை முதல் சொல்றன், நீங்களும் அதிலதான் விழுவீங்கள். வந்த பொடியன் ஸ்டெதஸ்கோப்பை இடது அக்குளுக்குள்ள, நல்லா முன்னுக்குத் தள்ளி வைச்சான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு தன்ர காதில இருந்ததைக் கழட்டி என்ர காதில மாட்டிவிட்டு, "அக்கா, நீங்களே கேட்டுப் பாருங்கோ" எண்டான். லப்-டப் எண்டு வரவேண்டியது லப்-ஷ்-டப் எண்டு வந்துது. தன்ர காதால கேட்டாப் பிறகு ஆர் சந்தேகப்படுவினம்? அந்த "ஷ்" பொய் இல்லை. "இதயம் பெருத்திட்டுது, வால்வு பழுது, இண்டைக்கே தொடங்காட்டி ஆறு மாதம்" எண்டு அதுக்கு அவன் சொன்ன விளக்கம்தான் பொய்.

கிரேஹவுண்டின்ர இதயம் உடம்பு நிறைக்கு மற்ற நாய்களைவிடப் பெரிசு, சுவரும் தடிப்பு. ஓடுறதுக்கெண்டே வளர்த்தெடுத்த இனம். ஒரு துடிப்பில நிறைய இரத்தத்தைப் பெருநாடிக்குள்ள தள்ளும், அதால வாசலில வேகம் கூடி இரத்தம் சுழிக்கும், சுழிச்சாச் சத்தம் வரும். தோட்டத்துப் பைப்பைக் கொஞ்சமாத் திறந்தா ஒரு சத்தமும் இல்லை, முழுக்கத் திறந்தாச் சீறும். பைப் வெடிச்சுப்போச்சு எண்டு அர்த்தமில்லை. மேர்மரை ஆறு படியில பிரிக்கிறவை. ஒண்டாம் படி அமைதியான இடத்தில கனநேரம் கேட்டாத்தான் பிடிபடும். இரண்டாம் படி மெதுவானது, ஆனா வைச்ச உடன கேட்கும். மூண்டு எண்டால் இதயச் சத்தத்தின்ர அளவுக்கே இருக்கும். நாலு பலத்த சத்தம். அஞ்சில நெஞ்சில கை வைச்சாப் பூனை உறுமுற மாதிரி உள்ளங்கையில அதிரும். ஆறில ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில இருந்து எடுத்தாலும் கேட்கும். சுகமான கிரேஹவுண்டுகளில ஒண்டாம், இரண்டாம் படிச் சத்தம், இடது பக்கம் முன்னுக்கு, லப்புக்கும் டப்புக்கும் இடையில கட்டையா வாறது, சாதாரணமாக் காணுற விசயம். நாய் பயந்தாக் கூடும், படுத்தாக் குறையும். அண்டைக்கு நேரம் பகல் பதினொண்டு, கச்சான் காத்து அனல் மாதிரி அடிக்குது, பழக்கமில்லாத வானுக்குள்ள மேசையில தூக்கி வைச்சிருக்கு, வால் காலுக்கு இடையில, நாக்குத் தொங்க இளைக்குது. இளைக்கிற மூச்சே காதில மேர்மர் மாதிரிக் கேட்கும். வாயை ஒருக்காப் பொத்திப் பிடிச்சுக் கேட்கவேணும். அவன் பிடிக்கேல்ல. எத்தனையாம் படி எண்டும் எழுதேல்ல.

இனிப் பற்றுச்சீட்டு. வீட்டு வருகை 4,500, எக்ஸ்ரே 7,500, இரத்தச் சோதனை 14,000, "இதய ஸ்கான்" 18,000, மூண்டு மாத மருந்து 24,500. கூட்டிப் பாருங்கோ, 68,500. முழுக்க முற்பணம், வங்கிக்கு மாத்தினாப் பிறகுதான் மெசினைத் தொட்டவன்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில பிடிச்சு "10.6, பாருங்கோ எவ்வளவு பெரிசு" எண்டான். அந்த எண் முள்ளந்தண்டு எலும்பாலதான் அளக்கிறது. இதயத்தின்ர நீளத்தையும் அகலத்தையும் எடுத்து, நாலாம் நெஞ்சு முள்ளெலும்பில இருந்து பின்னுக்கு வைச்சு எத்தினை எலும்பு நீளம் எண்டு எண்ணி, இரண்டையும் கூட்டவேணும். பொதுவா நாய்களுக்கு அது 9.7 ஐச் சுத்தி வரும். கிரேஹவுண்டுக்கு 10.5 ஐச் சுத்தி வரும். ஆக 10.6 எண்டது கிரேஹவுண்டுக்குக் கிரேஹவுண்டின்ர இதயம், அவ்வளவுதான். பொதுவா நாய்களுக்கு வைச்ச அளவுகோலை இதுக்குப் பிடிச்சா உலகத்தில உள்ள எல்லாக் கிரேஹவுண்டும் இதய நோயாளிதான்.

இரத்தத்திலையும் அதே விளையாட்டு. என்டி-புரோபிஎன்பி எண்ட இதயச் சோதனை, மற்ற நாய்களுக்கு 900 க்கு மேல போனாச் சந்தேகம். சுகமான கிரேஹவுண்டுக்கே அது கூடத்தான் இருக்கும். 1,120 எண்டு வந்ததைச் சிவப்புப் பேனையால வட்டம் போட்டுத் தந்தான். செய்யவேண்டிய சோதனை வேற: பிசிவி, அதாவது இரத்தத்தில செங்குழியம் எத்தனை வீதம் எண்டது. மலிவு, எந்த லாபிலையும் செய்யலாம். எங்கட பக்கம் உண்ணிக் காய்ச்சல் தாராளம், இரத்தம் குறைஞ்சா நல்ல இதயத்திலையும் மேர்மர் வரும். அதிலையும் ஒரு பொறி இருக்கு. கிரேஹவுண்டுக்கு 50 இல இருந்து 65 வரை இருக்கவேணும். 40 எண்டு வந்தா லாப் தாளில "சாதாரணம்" எண்டு அடிச்சிருக்கும், ஆனா அது கிரேஹவுண்டுக்கு இரத்தச் சோகை. 14,000 ரூபாச் சோதனையில பிசிவி எண்ட ஒரு வரி இல்லை.

ஸ்கான்தான் உச்சம். கர்ப்பம் பார்க்கிற சின்ன மெசின், கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். மேர்மருக்குக் காரணம் கண்டுபிடிக்கிறதெண்டா டொப்ளர் வேணும், இரத்தம் எந்த வேகத்தில போகுது எண்டு அதுதான் காட்டும். வேகத்தை அதாலேயே பெருக்கி நாலால பெருக்கினா அழுத்த வித்தியாசம் வரும். செக்கனுக்கு 2 மீற்றர் எண்டா 16. பெருநாடி வாசல் உண்மையாவே ஒடுங்கி, கடும் நோயா இருக்கிற நாயில வேகம் 4.5 ஐத் தாண்டும், வித்தியாசம் 80 க்கு மேல போகும். இந்தக் கணக்கு ஒண்டும் இல்லாமல் "வால்வு பழுது" எண்டு சொல்றது வாசல் கதவைப் பார்த்திட்டு வீட்டுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு சொல்ற மாதிரி. ஸ்கான் பதிவைக் கேட்டன். "சேவ் ஆகேல்ல அக்கா."

மருந்துதான் என்னை எரிய வைக்குது. பிமோபென்டான் (இதயத்தைப் பலமாச் சுருங்க வைக்கிற குளிசை) 5 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஒண்டு, சோத்தோட. ஃபுரூசமைட் 40 மில்லிகிராம் காலையும் மாலையும். வருத்தம் உண்மை எண்டே வைப்பம், அப்பவும் இது பிழை. பிமோபென்டான் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 30 கிலோவுக்கு ஒரு தடவை 7.5, அதுவும் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முதல் வெறும் வயித்தில. வால்வு தேய்ஞ்ச நாய்க்குக்கூட இதயத்தின்ர இடது பக்க அறைகள் பெருத்ததை அளந்து காட்டினாப் பிறகுதான் தொடங்கிறது. பெருநாடி வாசல் ஒடுக்கமா இருக்கிற நாய்க்கு அதைக் குடுக்கவே கூடாது, அந்தச் சந்தேகத்தை டொப்ளரால தீர்க்காமலே குடுத்திருக்கிறான். ஃபுரூசமைட் நுரையீரலில நீர் கட்டின நாய்க்கு. கட்டாத நாய்க்குக் குடுத்தா உடம்பில இருக்கிற தண்ணியையும் பொட்டாசியத்தையும் மூத்திரமா வெளியில தள்ளும். கொழுப்பில்லாத உடம்பு, கச்சான் வெயில், அதுக்கு மேல தண்ணி இறைக்கிற குளிசை.

ஒன்பது நாள் குடுத்தன். பல் முரசைத் தொட்டா ஈரமில்லாமல் விரல் ஒட்டிச்சு. தோலைக் கிள்ளி விட்டா உடன மடிப்பு மறையேல்ல. பின்னங்கால் தள்ளாடிச்சு. அதோட நிப்பாட்டி, விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டுக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை எண்டு பேராதனை மிருக வைத்தியப் போதனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் டொப்ளரோட எக்கோ, அதாவது இதய ஸ்கான், எடுத்தது. பெருநாடி வேகம் 2.1, வால்வுகள் சுத்தம், மேர்மர் இரண்டாம் படி. பொட்டாசியம் குறைவு, கிட்னியைப் பார்க்கிற கிரியாட்டினின் கூடுதல். (கிரேஹவுண்டுக்குத் தசை கூட எண்டபடியாக் கிரியாட்டினின் எப்பவுமே கொஞ்சம் கூடத்தான் நிக்கும், அதைப் பார்த்து "கிட்னியும் போச்சு" எண்டு அடுத்த பொதி விப்பாங்கள்.) மருந்து ஒண்டும் வேண்டாம், வருசத்துக்கு ஒருக்காக் கேட்டுப் பார்த்தாப் போதும் எண்டுதான் சொன்னவை.

திரும்பி வந்து அவங்களுக்கு எடுத்தன். முதல் நாள் "டொக்டர் பீல்டில நிக்கிறார்." இரண்டாம் நாள் ஒரு குரல் பதிவு: "அக்கா, நெட்டில பார்த்திட்டுக் கதைக்காதேங்கோ, ஒவ்வொரு டொக்டருக்கும் ஒவ்வொரு அபிப்பிராயம்." அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினன். நீலச் சரி விழுந்துது, பதில் இல்லை. நாலாம் நாள் வேற ஒரு பிள்ளை எடுத்து, காசு திருப்பிறது அவையின்ர நடைமுறையில இல்லையாம், ஆனா அடுத்த பொதிக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு தருவினமாம். வந்த பொடியன் பதிவு செய்த மிருக வைத்தியரா எண்டு கேட்டன். "எங்கட டீமில டொக்டர்மார் இருக்கினம்" எண்டாள். அவன் டொக்டரா எண்டுதான் கேட்டது. போனை வைச்சிட்டாள். பற்றுச்சீட்டை அப்பதான் வடிவாப் பார்த்தன்: கையெழுத்து இருக்கு, பெயரும் இல்லை, பதிவிலக்கமும் இல்லை. "கார்டியாக் பக்கேஜ் 68,500" எண்டு மட்டும்.

விபரமா எழுதுறன் எண்டனான். சிட்டுவுக்குத் தண்ணி வைக்கிற நேரமாச்சு, அவசரமாச் சொல்றன். இலங்கை மிருக வைத்திய சபையின்ர பதிவிலக்கம் கேளுங்கோ, சொல்லாட்டி வாசலோட அனுப்புங்கோ. மேர்மர் எண்டா "எத்தனையாம் படி, எந்தப் பக்கம்" எண்டு எழுதி வாங்குங்கோ. நாயை அரை மணித்தியாலம் குளிர்ந்த நிலத்தில படுக்க விட்டுத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கோ. டொப்ளர் இல்லாத ஸ்கானுக்குக் காசு குடுக்காதேங்கோ. நித்திரையில நெஞ்சு ஏறி இறங்கிறதை ஒரு நிமிசம் எண்ணுங்கோ, திரும்பத் திரும்ப 30 க்கு மேல போனாலோ, மயங்கி விழுந்தாலோ, இருமல் நிக்காட்டியோ, மூண்டாம் படிக்கு மேல எண்டாலோ உண்மையாவே ஓடவேணும், என்ர கதையைப் பார்த்திட்டு வீட்டில வைச்சிராதேங்கோ. குட்டியில கேட்கிற சத்தத்தையும் விடாதேங்கோ. முற்பணம் முழுக்கக் கட்டாதேங்கோ.

நுகர்வோர் அதிகார சபைக்கு, 1977 எண்ட இலக்கத்துக்கு, எடுத்துச் சொல்லியிருக்கு. மிச்சக் குளிசை 243 பெட்டிக்குள்ள கிடக்கு, பிமோபென்டான் 81, ஃபுரூசமைட் 162. அதையாவது எடுத்துக்கொண்டு காசைத் தாங்கோ எண்டு இண்டைக்குக் காலமை கேட்டன். பிரிச்ச பெட்டி எடுக்க மாட்டினமாம்.