பெஜோ 308 டீசலா, ரெனோ மெகான் டீசலா: பிக்கப் எதில் நல்லது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்னலில் நின்று கிளம்பும்போது பெஜோ 308 தெளிவாக முந்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்துவிடுகிறது, அங்கேயும் பெஜோதான் கொஞ்சம் முன்னால். இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. பழைய டீசல் கார் தேடுகிறவர்கள் பலர் விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறனை மட்டும் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நான் ஓட்டுவது 308, 1.6 புளூஹெச்டிஐ. மச்சானிடம் இருப்பது மெகான் செடான், 1.5 டிசிஐ. இரண்டுமே சிஓஇ-யில், அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழில், ஏ பிரிவு. 2014-இல் இருந்து அந்தப் பிரிவுக்கு 1600 சிசி வரம்போடு 130 குதிரைத்திறன் என்ற வரம்பும் சேர்ந்துவிட்டதால், இதற்குள் அடங்கும் டீசல்கள் காகிதத்தில் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். பெஜோவுக்கு 120, மெகானுக்கு 110. இந்தப் பத்தை விடுங்கள், ஓட்டும்போது அது தெரியவே தெரியாது. காலுக்குத் தெரிவது டார்க், அதாவது எஞ்சினின் திருப்பு விசை. பெஜோ 300 நியூட்டன் மீட்டர், மெகான் 250, இரண்டும் 1750 ஆர்பிஎம்-லேயே (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் கணக்கு) முழுசாக வந்துவிடும். டர்போ இல்லாத 1.6 பெட்ரோல் செடான்களில் இது 150-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதுவும் 4000-த்தை நெருங்கினால்தான் கிடைக்கும். பெட்ரோலில் இருந்து மாறி வருபவர்கள் முதல் தடவை அழுத்தியதும் ‘அட’ என்பது இதனால்தான்.

இந்த ஊரில் 0-100 கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விரைவுச்சாலையிலேயே வேக வரம்பு பெரும்பாலும் 80, 90. எனக்கு முக்கியம் இரண்டே இடம்தான்: சிக்னலில் இருந்து 40 வரை, அப்புறம் விரைவுச்சாலையில் ஏறும் கிளைச்சாலையில் 40-இல் இருந்து 90 வரை.

முதல் இடத்தில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ். பெஜோவில் இருப்பது டார்க் கன்வர்ட்டர் வைத்த 6 வேக ஆட்டோ, ஜப்பானின் ஐசின் செய்தது. பிரேக்கில் இருந்து காலை எடுத்ததுமே வண்டி நகரத் துடிக்கும். கன்வர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் எஞ்சின் சட்டென்று சுழற்சி ஏற இடம் கிடைக்கிறது, டர்போவும் சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. மெகானில் இருப்பது இரட்டைக் கிளட்ச். நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது அது கிளட்சை மெதுவாகத்தான் பிடிக்கும், பிடித்து முடிக்கும்வரை முழுச் சக்தியையும் சக்கரத்துக்கு விடாது. இது கோளாறு இல்லை, கிளட்சைக் காப்பாற்ற அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் வலது பக்கம் திரும்பக் காத்திருந்து, எதிர்வரிசையில் சின்ன இடைவெளி கிடைத்ததும் நுழைய வேண்டிய நேரத்தில் அந்த அரை விநாடி நீளமாகத் தெரிகிறது. மச்சான் அதற்குப் பழகிவிட்டான், இடைவெளி வருவதற்குக் கொஞ்சம் முன்னாடியே காலைத் தொட்டு வைத்துக்கொள்வான்.

இரண்டாவது இடம், தோ பாயோ பக்கம் பிஐஇ விரைவுச்சாலையில் ஏறுவது. இடது தடத்தில் லாரி வரிசையாக வந்துகொண்டிருக்கும், அதற்குள் சேர வேண்டும். 308-இல் ஆர்பிஎம் முள் மற்ற கார்களுக்கு நேர்மாறாக, வலமிருந்து இடமாக ஏறும். மிதித்ததும் அந்த முள் ஒரு நொடி தயங்கும், கியர் இறங்கும், 2000-த்தைத் தாண்டியதும் முதுகு சீட்டில் ஒட்டும். அந்தத் தள்ளல் 3500 வரைதான். அதற்கு மேல் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. அதனால் தரையோடு அழுத்திப் பிடிப்பதைவிட முக்கால்வாசி அழுத்தி, அதை அடுத்த கியருக்குப் போக விடுவதே நல்லது. மெகானிலும் இதே கதைதான், தள்ளல் மட்டும் ஒரு பிடி குறைவு. ஆனால் ஓட்டத்தில் இருக்கும்போது அதன் கியர் மாற்றம் அழகாக இருக்கிறது. மாறியதே தெரியாது, இழுவை அறுபடாது. மலேசியாவில் யோங் பெங் பக்கம் டிரெய்லரைத் தாண்ட 80-இல் இருந்து 110-க்குப் போகும்போது, மெகானில் லீவரைத் தட்டி நாமே ஒரு கியர் இறக்கிக்கொண்டால் 308-க்குப் பெரிதாக ஒன்றும் பின்தங்காது.

நாலு பெரியவர்கள், பெட்டிகள், ஏர்கான் முழுசாக. இப்படி மலேசியாவின் கெந்திங் மலை ஏறினால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். கோ தோங் ஜெயா தாண்டியதும் ஏற்றம் செங்குத்தாகும், வளைவுக்கு வளைவு வேகம் விழும். அங்கே அந்தக் கூடுதல் 50 நியூட்டன் மீட்டர் ஒவ்வொரு வளைவிலும் வேலை செய்கிறது. முன்னால் பஸ் ஊர்ந்தால் ஏற்றத்தில் நின்று நின்று போக வேண்டிவரும், அதற்கும் டார்க் கன்வர்ட்டர்தான் நிம்மதி. இரட்டைக் கிளட்ச் வண்டியை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் தாங்கிப் பிடிக்காதீர்கள், கிளட்ச் சூடாகும். பிரேக்கைப் போட்டு நில்லுங்கள், முன்னால் இடம் விழுந்ததும் ஒரே மூச்சில் நகருங்கள்.

மெகானுக்கும் நல்லது சொல்லவேண்டும். பின் பூட் பெரிது. இந்தத் தலைமுறை 1.5-க்கு ஆட்புளூ (டீசல் புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) ஊற்றும் வேலையே இல்லை, 308-இல் அதைக் கவனித்து நிரப்ப வேண்டும். பின்சீட்டில் பெற்றோரை வைத்து ஊருக்குள் நிதானமாக ஓட்டுபவருக்கு அந்த மென்மையான கிளம்பல் பிடிக்கவும் செய்யலாம்.

2025 தொடக்கத்தில் இருந்து இங்கே புது டீசல் கார் பதிவு கிடையாது.  ஆக இனி கைமாறுவது எல்லாம் பழைய வண்டிதான். பழைய டீசலில் பிக்கப் குறைந்திருந்தால் முதலில் புகை வடிகட்டியைச் சந்தேகப்படுங்கள். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டுமே ஓடிய வண்டியில் எக்ஸாஸ்ட் போதுமான சூட்டுக்குப் போகாது, கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும், எஞ்சினும் மூச்சு முட்டும். ஓட்டிப் பார்க்கப் போகும்போது புளோக்கைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துத் திரும்பாமல், ஏர்கானைப் போட்டு, கூட இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, எஞ்சின் சூடான பிறகு விரைவுச்சாலையில் ஏற்றிப் பாருங்கள். 2000 ஆர்பிஎம்-இல் அந்தத் தள்ளல் வரவில்லை என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டி வேண்டாம்.