அல்ட்ரா லைட் ராடு வாங்கப் போறீங்களா? ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்க

ஜிலேபி, கெண்டைக்குத் தூண்டில் போடுற வடசென்னை ஆளுங்க இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க. ராயபுரம் பக்கம் ஒரு கடையில 'ஃபுல் கார்பன், அல்ட்ரா லைட், 1–5 கிராம்'னு சொல்லி, அதாவது 1–5 கிராம் எடையை வீசுற மெல்லிசு தூண்டில் ராடுன்னு சொல்லி, 2,400 ரூபாய்க்கு ஒண்ணைத் தலையில கட்டிட்டாங்க.

ரெட்டேரிக் கரையில 3 கிராம் ஜிக் (ஈயத்தலை வெச்ச தூண்டில் முள்ளு) போட்டு வீசினா காலடியிலேயே விழுது. ராடு வளைஞ்சாதானே சின்ன எடை தூரம் போகும்? இது உலக்கை மாதிரி நிக்குது. உள்ளங்கை அளவு ஜிலேபி கடிச்சா நுனியில அசைவே தெரியல. இழுத்தா வாய் கிழிஞ்சு மீன் போயிடுது, தூண்டில் முள்ளு மட்டும் வருது. சின்ன மீனுக்கு நுனி கொடுத்து வாங்கணும், இல்லன்னா மெல்லிசு தங்கூசியும் (நைலான் தூண்டில் நூல்) தாங்காது.

ஈரத்துல கைப்பிடிக்கு மேல இருந்த ஸ்டிக்கர் ஓரம் தூக்குச்சு. நகத்தால உரிச்சேன். அடியில கம்பெனி அச்சடிச்சதே இருக்கு: மீடியம், 10–30 கிராம். கைப்பிடிக்குக் கீழ்முனையில இருக்கிற அடிமூடியைக் கழட்டிப் பார்த்தா உள்ளே வெள்ளை நார். கிளாஸ் ஃபைபருக்கு வெளியே கறுப்பு பெயின்ட். மளிகைக்கடைத் தராசுல 215 கிராம் காட்டுது. நல்ல அல்ட்ரா லைட் 100 கிராம் சுத்திதான் இருக்கும்.

கிளாஸ் ஃபைபர் மட்டம்னு சொல்லல. அடிபட்டாலும் தாங்கும், பசங்களுக்கு அதுதான் நல்லது. அதைக் கார்பன்னு சொல்லி விக்கிறதுதான் ஃபிராடு.

திருப்பிக் கொண்டுபோனா, "தண்ணி பட்ட சரக்கை எடுக்க மாட்டோம் தலைவா"ன்னாரு கடைக்காரர். தண்ணியில போடாம ராடை எங்க போடுறது? பில் கேட்டதுக்குத் துண்டுச்சீட்டு.

வாங்கும்போது ஸ்டிக்கருக்கு அடியில பாருங்க, அடிமூடியைத் திறக்கச் சொல்லுங்க. 1000 சைஸ் ரீலை (தங்கூசி சுத்துற சின்ன உருளை) மாட்டி, 3 கிராம் ஈயத்தை நுனியில தொங்கவிட்டு லேசா ஆட்டுங்க, நுனி கூடவே ஆடணும். ராடுல தங்கூசி போற வளையத்துக்குள்ள பஞ்சை விட்டுச் சுத்துங்க. பஞ்சு இழை மாட்டினா அந்த இடத்துலதான் தங்கூசி அறுபடும். நிஜக் கார்பனே கிடைச்சாலும் கரன்ட் கம்பிக்குக் கீழ மட்டும் வீசாதீங்க, அதுல கரன்ட் பாயும்.

யூபிஐ ரசீது, உரிச்ச ஸ்டிக்கர் போட்டோ ரெண்டையும் வெச்சு நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுத்திருக்கேன். இதே மாதிரி ஏமாந்தவங்க ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாம நீங்களும் கொடுங்க.