எமரால்டு பக்கம் ஒரு ஹோம்ஸ்டே: ரூமுக்கு மூன்று, ஜீப் அண்ணனுக்கு ஐந்து

போன மாதம் நீலகிரியில் எமரால்டு ஏரிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் நானும் மனைவியும் பையனும் இரண்டு இரவு தங்கினோம். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். ஒரு இரவுக்கு 3,800 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. ரூம் சுத்தம், ஜன்னலைத் திறந்தால் ஏரி, வெந்நீர் மட்டும் காலை ஏழு மணிக்கு மேல்தான். ராத்திரி கேட்டால் களியும் படுகர் வீட்டு அவரைக் குழம்பும் தருகிறார்கள், அதைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

விளம்பரத்தில் "மனிதக் கை படாத இயற்கை ஏரி" என்று போட்டிருக்கிறார்கள். சிரிப்புதான் வந்தது. எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாமே குந்தா நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டித் தேக்கியவை, அதுவும் கனடா நாட்டு உதவியோடு. இது எனக்கே அங்கே போய்த்தான் தெரியும். சொன்னவர் ஹோம்ஸ்டேக்காரர் இல்லை, அவர்கள் ஏற்பாடு செய்த ஜீப் அண்ணன்.

அரை நாளுக்கு 2,000 வாங்குகிறார், தாராளமாகக் கொடுக்கலாம். அவருடைய அப்பா அணை வேலைக்குக் கல் சுமந்தவராம். "தம்பி, தண்ணிய மட்டும் பாக்காதீங்க, அடியில என்ன இருந்துச்சுன்னு யோசிங்க" என்றார். சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் பள்ளத்தாக்குகள் அடியில் போயிருக்கின்றன. மேலே இருக்கும் அணைக்கே போர்த்திமந்து என்றுதான் பெயர், மந்து என்றால் தோடர் குடியிருப்பு.

அப்புறம் ஒரு பாலத்தில் வண்டியை நிறுத்தி, அணைக்குக் கீழே உள்ள ஓடையைக் காட்டினார். வெறும் பாறை. தண்ணீர் சுரங்கத்துக்குள் போய் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும் பவர் ஹவுஸ்கள் வழியாக இறங்கிவிடுகிறது, நடுவில் இருக்கும் ஓடைக்கு மழை பெய்தால்தான் பங்கு. மீனுக்கும் தவளைக்கும் கோடையில் கொஞ்சமாவது தண்ணீர் விட்டுவைக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை, அந்தப் பாலத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும்.

இப்போது போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டுக்கும் நடுவில் 500 மெகாவாட் திட்டம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கரண்ட் மிஞ்சும் நேரத்தில் கீழ் ஏரித் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவை கூடும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது. சோலார், காற்றாலையை நம்பி இருக்கப்போகிறோம் என்றால் இந்த மாதிரி ஒன்று வேண்டும்தான், நான் அதற்கு எதிரி இல்லை. ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஏரிகளையே பயன்படுத்துகிறார்கள், புதிதாக ஒரு பள்ளத்தாக்கு மூழ்கவில்லை. ஆனால் சுரங்கம் வெட்டிய மண்ணையும் கல்லையும் எங்கே கொட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படி ஒரு மழையில் சரிவில் குவித்த மண் அங்கேயே இருக்குமா? சமமான இடத்தில் கொட்டி, சுவர் கட்டி, மேலே நம்ம ஊர்ப் புல்லையே வளர்க்க வேண்டும், சீக்கிரம் பச்சையாகட்டும் என்று சீகை மரத்தை (வாட்டில்) நட்டுவிடக் கூடாது.

சீகை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்) இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர் கொண்டுவந்தவை, கற்பூர மரம் 1840களிலேயே விறகுக்கு. அந்தக் காலத்து எரிபொருள் விறகுதானே. இவை தின்ற புல்வெளி அணை மூழ்கடித்ததற்குக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி கேம்ப் ஃபயருக்கு ஹோம்ஸ்டேயில் சீகை விறகுதான் போட்டார்கள், அதற்கு முழு மார்க்.

மார்க் குறைத்தது எதற்கு என்றால், தோட்டத்தில் விடிய விடிய எரியும் நான்கு ஃப்ளட் லைட்டுக்கு. காலையில் விளக்கடியில் அந்துப்பூச்சிகள் கூட்டிப் பெருக்கும் அளவுக்குக் கிடந்தன. இன்னொன்று, வீட்டுக்கு வரும் உறை இல்லாத மின்கம்பி மரக்கிளைகளுக்கு நடுவே போகிறது. அண்ணன் அதைக் காட்டி, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கருமந்தி அதில் அடிபட்டுச் செத்ததைச் சொன்னார். உறை போட்ட கம்பி மாற்றினால் தீர்ந்துபோகும் விஷயம், கிளையை வெட்டினால் மட்டும் போதாது, மந்தி தாவும் வழியும் போய்விடும். ஓனரிடம் சொன்னேன். "மனு கொடுத்திருக்கோம் சார்" என்றார். லைட்டைப் பற்றியும் சொன்னேன், முதல் ராத்திரி ஒன்பது மணிக்கு அணைத்தார்கள், மறுநாள் வேறு கெஸ்ட் வந்ததும் திரும்ப எரிந்தது.

ரூமுக்கு ஐந்தில் மூன்று. ஜீப் அண்ணனுக்கு ஐந்துக்கு ஐந்து, ஆனால் காலையில் ஆறரைக்கே கிளம்பிவிடுவார், ஜெர்கின் மறக்காதீர்கள், அங்கே சிக்னல் கிடைக்காது, கையில் ரொக்கம் வைத்திருங்கள்.