ரிகியா, பிலாட்டஸா? லூசெர்னிலிருந்து ஒரு நாள் மலை ரயில்

ஸ்விட்சர்லாந்தின் லூசெர்ன் நகருக்கு அருகே ரிகி, பிலாட்டஸ் என்று இரண்டு மலைகள்; இரண்டிலும் மேலே ரயில் போகும். எதில் ஏறுவது? கையில் ஸ்விஸ் டிராவல் பாஸ் (சுற்றுலாப் பயணிகளுக்கான பயண அட்டை) இருந்தால் கணக்கு சுலபம். ரிகிக்குத் தனி டிக்கெட்டே வேண்டாம்; மலை ரயிலும் அதில் அடக்கம், லூசெர்னிலிருந்து ரிகி அடிவாரத்து விட்ஸ்னாவ் போகும் படகும் அடக்கம். பிலாட்டஸில் பாதிக் கட்டணம் கட்டியாக வேண்டும். பாஸ் இல்லாமல் அரைக்கட்டண அட்டை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டிலும் பாதி விலைதான்.

ஆனால் காசை மட்டும் பார்த்தால் பிலாட்டஸுக்கு அநியாயம் செய்தது போலாகும். 1889-இல் திறந்த இந்தப் பாதைதான் உலகிலேயே மிகச் செங்குத்தான பற்சக்கர ரயில் பாதை. சரிவு 48 சதவீதம் வரை போகும். வழக்கமான பற்சக்கரம் இவ்வளவு சரிவில் பல்தண்டவாளத்தை (பாதை நடுவே பற்களோடு ஓடும் தண்டவாளத்தை) விட்டு ஏறிவிடும் என்பதால், பொறியாளர் எடுவார்ட் லோக்கர் இரண்டு சக்கரங்களைப் படுக்கைவாட்டில் வைத்து, பல்தண்டவாளத்தின் இரு பக்கமும் கவ்வும்படி அமைத்தார். பெட்டியே மாடிப்படி மாதிரி படிப்படியாக இருக்கும். குளிர்காலத்தில் இந்த ரயில் ஓடாது; லூசெர்னை அடுத்த கிரியன்ஸ் ஊர்ப் பக்கமிருந்து கேபிள் காரில்தான் ஏற வேண்டும்.

ரிகி வயதில் மூத்தது: 1871, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். உயரம் குறைவு, ஏற்றமும் சாது. விட்ஸ்னாவில் ஏறி, மறுபக்கம் கோல்டாவில் இறங்கலாம். நடக்க நல்ல பாதைகள் ஏராளம்.

குழந்தைகள், பெரியவர்களோடு போனால் நான் ரிகியைத்தான் சொல்வேன். எந்திரப் பைத்தியம் என்றால், சரி, அந்தப் பாதிக் காசைக் கொடுத்துவிடுங்கள். எதுவானாலும் காலையில் உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேகம் மூடினால் தள்ளுபடி இருந்தும் வீண்.